சுண்டுவிரல் நீளக் கட்டம்

குத்தாலம் கிளையில்
கடன் படிவத்தின் நான்காவது வரி:
தொழில்.
எதிரே ஒரு கட்டம்,
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

எனக்கு முன்னால் நின்றவர்
மளிகை என்று எழுதி
மையை ஊதிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் எதை எழுத?

ஞாயிறு காலை மாதா கோயிலில் கீபோர்டு,
இரண்டு பூசைக்கும் சேர்த்து எழுநூறு.
ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில் மேடை.
நெப்போலியன் இன்னிசைக் குழுவின் வேன்
முக்கூட்டில் வந்து நின்று ஒலியெழுப்பும், ஏறிக்கொள்வேன்.
விடிய விடிய வாசித்தால் இரண்டாயிரம்,
பாதியில் மழை கொட்டினால் ஆயிரம்,
மழைக்கு முன் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டால்
அதுவும் ஆயிரம்தான்.

மாலைகளில் பதினொரு பிள்ளைகள்.
மாதம் நானூறு என்று பலகையில் எழுதியிருக்கிறேன்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு
அப்பன் கணக்கில் பணம் விழுந்த பிறகுதான்
ஸரிகம என் கைக்கு வரும்.
மேட்டூர் திறக்கத் தாமதமானால்
ஜண்டை வரிசையிலேயே இரண்டு பேர் நின்றுவிடுவார்கள்.
ஒரு குழி நிலம் கிடையாது எனக்கு,
காலையில் எழுந்ததும் பார்ப்பது
அணையின் நீர்மட்டம்.

போன தேர்தலில் ஒரே மெட்டு
இரண்டு கட்சிக்கும்.
சின்னத்துக்கு அசை ஒன்று கூடியது,
தாளத்தில் இடித்து உட்கார வைத்தேன்.
ஜெயித்தவர் பாக்கி வைத்திருக்கிறார்.
தோற்றவர் மறுநாளே கொடுத்துவிட்டார்.

பிறகு அந்த ஐந்து பாட்டுகள்.
என் மெட்டு, என் சொல்.
விசிறியை நிறுத்தி, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி,
தவளைகள் ஓயும் வரை காத்திருந்து
வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தவை.
சென்ற காலாண்டில் ஒன்பது நாடுகளில் கேட்டிருக்கிறார்கள்.
எண்பத்து மூன்று ரூபாய் நாற்பது காசு.
நார்வேயில் யாரோ ஒருவர்
ஒரே பாட்டை நாற்பத்தாறு முறை.
உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று
விசாரிக்கத் தோன்றுகிறது.

"மாத வருமானம்?"
மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"எந்த மாசம் சார்?
வைகாசியா, மார்கழியா?"

சிரிக்கவில்லை அவர்.
"சம்பளச் சீட்டு மாதிரி ஏதாவது…"

மேசையில் பரப்பினேன்:
பங்குத்தந்தை கைப்பட எழுதிய கடிதம்,
வரவு வந்த குறுஞ்செய்திகளின் நகல் பதினாறு பக்கம்,
ஒரு நோட்டு, அதில் எனக்கு மட்டும் புரியும் சுழிகள்,
நார்வே.

நல்ல மைக்கும் இரண்டு ஒலிபெருக்கியும் வாங்க
அறுபதாயிரம் வேண்டும், அவ்வளவுதான்.
அவர் பக்கங்களைப் புரட்டினார்,
காய்ந்த வாய்க்காலில் மீன் தேடுகிறவரைப் போல.

அப்போது கடைத்தெருவில்
ஜபருல்லா பாயின் குட்டி யானை திரும்பியது.

பெரிய வெங்காயம் பெரிய வெங்காயம்
நாலு கிலோ நூறு ரூவா
பாத்து எடுங்க, நீங்களே எடுங்க

என் குரல்.
பங்குனியில் பதிவு செய்தது,
கூலி அறுநூறும் ஐந்து கிலோ வெங்காயமும்.
திருவாலங்காடு முதல் ஆடுதுறை வரை
ஒரு நாளைக்கு எத்தனை தரம் சுற்றுகிறதோ,
எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார்.
இழுப்பறையிலிருந்து மஞ்சள் பை வெளியே வந்தது.
"சண்முகவடிவு, ஓடு ஓடு, போயிடப் போறான்!"
காசாளர் எழுந்தார்.
மளிகைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

என் பாட்டுக்கு இதுவரை
ஒருத்தரும் செருப்பில்லாமல் ஓடியதில்லை.

சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
என்னவோ, சொல்லவில்லை.
"அடுத்த வாரம் வாங்கம்மா, பாக்கலாம்."

வாசலில் நின்று காது கொடுத்தேன்.
'நீங்களே எடுங்க' என்ற இடத்தில்
குரல் கரகரத்து அறுந்து
மறுபடி ஒட்டிக்கொண்டது.
கைப்பேசியை எடுத்து அழைத்தேன்.

"பாய், பேட்டரிய மாத்துங்க.
எனக்குத் தொண்டை கட்டுது."